சங்கங்கள் நலிவது காசில்லாமல் அல்ல

யாழ்ப்பாணத்தில் எந்த ஊருக்குப் போய், உங்கள் சனசமூக நிலையம் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: "காசு இல்லை." அடுத்த வசனமும் ஏறக்குறைய ஒன்றுதான்: "வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்கள் கொஞ்சம் மனம் வைச்சால் எல்லாம் சரியாயிடும்." வாசிகசாலை, விளையாட்டுக் கழகம், மாதர் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று எல்லாவற்றுக்கும் இதே நோயும் இதே மருந்தும் சொல்லப்படுகின்றன. பொதுக்கூட்டத்தில் தலைவர் இதைச் சொல்கிறார். மலரில் வாழ்த்துரை எழுதுபவர் இதை எழுதுகிறார். கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள்.

நான் இதை மறுக்கிறேன். எங்கள் சங்கங்களில் பெரும்பாலானவை காசில்லாமல் நலியவில்லை, உறுப்பினர் இல்லாமல் நலிகின்றன. வெளியிலிருந்து வரும் காசு, இன்று அது வருகிற விதத்தில், அந்த நலிவை விரைவுபடுத்துகிறது.

எதிர்க்கருத்தின் பலத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மூன்று தசாப்தப் போர் எங்கள் ஊர்களைக் கலைத்துப் போட்டது. 1995இல் வலிகாமம் முழுவதுமே எழும்பி நடந்தது. வலிகாமம் வடக்கில் 1990இல் வீட்டைவிட்டுப் போன குடும்பங்கள் பல, போர் முடிந்து வருடக்கணக்காகியும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் இருந்தன. 2022இல் நாடே கடன் கட்ட முடியாமல் கைவிரித்தபோது ரூபாவின் பெறுமதி சரிந்து, சம்பளக்காரரின் வாழ்வு தலைகீழானது. உழைக்கிற வயதினரில் ஒரு பெரும்பகுதி கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறது. போர்க்காலத்தில் அவர்கள் அனுப்பிய காசில்தான் எத்தனையோ அடுப்புகள் எரிந்தன. அந்த நன்றியை மறந்துவிட்டு யாரும் இந்த விஷயத்தைப் பேச முடியாது. இங்கே இல்லாத காசு அங்கே இருக்கிறது, ஆகவே அங்கிருந்து வரட்டும் என்பது முதற் பார்வைக்கு நியாயமாகவே தெரிகிறது.

வந்த காசு என்ன ஆயிற்று என்று பார்த்தால் இந்த நியாயம் நிற்கவில்லை. ஓர் ஊர் நிலையத்தைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், இதைப் போன்றவை ஒன்றல்ல. இரண்டு மாடி, தரைக்கு மாபிள், வாசலில் கருங்கற் பலகை. பலகையில் ரொறன்ரோ, லண்டன், சூரிச் என்று நகரப் பெயர்களோடு கொடையாளர் பெயர்கள் பொன்னெழுத்தில் இருக்கின்றன. உள்ளே பிளாஸ்ரிக் கதிரைகள் அடுக்கியபடி கிடக்கின்றன. மின்சாரப் பட்டியல் கட்டாததால் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். மேசை லாச்சியில் சந்தாப் பற்றுச்சீட்டுப் புத்தகம் இருந்தது. அதன் முதற் பாதியில் அடிக்கட்டைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. பத்து ரூபா, இருபது ரூபா என்று நீல மையில் தொகை, பெயர், திகதி, பொருளாளரின் சின்னக் கையொப்பம். சில அடிக்கட்டைகளில் "இரண்டு மாத நிலுவையுடன்" என்றும் குறித்திருந்தார். புதுக் கட்டடம் திறந்த வருடத்தோடு அந்த எழுத்து நின்றுவிட்டது. மீதித் தாள்கள் ஒன்றுகூடக் கிழிக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன.

அந்த நிலையத்துக்குக் காசு வராமலில்லை. ஓலையும் ஓடுமாக இருந்த காலத்தில் கனவிலும் காணாத அளவு காசு வந்தது. சந்தா நின்றது அது வந்த பிறகுதான்.

காரணம் எளிது. மாதம் ஒருமுறை பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு ஒழுங்கை ஒழுங்கையாகப் போகும்போது காசு மட்டுமா வாங்குகிறார்? "போன கிழமை முழுக்க லைட் எரியேல்லை, பிறகென்ன சந்தா?" என்று ஒரு வீட்டில் ஏச்சு வாங்குகிறார். "பிள்ளைக்குப் புலமைப்பரிசில் புத்தகம் அங்க இல்லையாம்" என்று இன்னொரு வீட்டில் கேள்விப்படுகிறார். மூன்றாவது வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, அந்த வீட்டுப் பெடியனைக் கணக்கெழுத இழுத்துக்கொள்கிறார். ஊருக்கு என்ன வேண்டும் என்பதும், யார் கோபமாக இருக்கிறார்கள் என்பதும், அடுத்த செயலாளராக வரக்கூடியவர் யார் என்பதும் நிர்வாக சபைக்கு அந்த நடையில்தான் தெரியவந்தன. வெளிநாட்டிலிருந்து மொத்தமாக ஒரு தொகை வங்கிக் கணக்கில் விழுந்ததும் அந்த நடை தேவையற்றதாகிவிட்டது. இருநூறு வீட்டுக்குப் போய்ச் சேர்க்கும் காசைவிடப் பன்மடங்கு, ஒரே தொலைபேசி அழைப்பில் கிடைக்கும்போது யார் வெயிலில் நடப்பார்?

சந்தாவோடு வாக்குரிமையும் போனது. அநேகமான சங்கங்களின் யாப்பில், சந்தா நிலுவையில்லாத உறுப்பினரே பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கலாம் என்றிருக்கும். சந்தா சேர்ப்பதை நிறுத்தினால் உறுப்பினர் பட்டியல் என்று ஒன்று இல்லாமற் போகிறது. பட்டியல் இல்லாவிட்டால் கோரம் எத்தனை பேர் என்று யாருக்கும் சொல்லமுடியாது. அன்றைக்கு வந்திருந்தவர்கள் கையை உயர்த்த, பழைய நிர்வாகமே "ஏகமனதாக" மீண்டும் வருகிறது. எதிர்க்க நினைப்பவருக்கும் பிடிமானம் இல்லை. "நீர் சந்தா கட்டினீரா?" என்று கேட்டால் அவர் வாயடைத்துப் போவார். கேட்டவரும் கட்டவில்லை என்பது வேறு கதை. பொதுச் சொத்தைக் கூட்டாகப் பேணும் சமூகங்களை ஆராய்ந்து 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம், நீண்டகாலம் நிலைத்த அமைப்புகளின் இயல்புகளில் முதலாவதாகச் சொன்னது, யார் உள்ளே, யார் வெளியே என்ற எல்லை தெளிவாக இருப்பதைத்தான். எங்கள் சங்கங்களில் அந்த எல்லையைப் போட்டது பத்து ரூபாச் சந்தா.

கணக்குக் காட்டும் இடமும் மாறிவிட்டது. முன்பு பொருளாளர் ஊராருக்குக் கணக்கு வாசித்தார். இப்போது கொடையாளருக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார். படத்தில் வரக்கூடிய வேலைக்குத்தான் காசும் வருகிறது. நுழைவாயில் வளைவு, மேடை, மதில், திறப்பு விழா எல்லாம் படத்தில் அழகாக வரும். நூலகம் பார்க்கும் பிள்ளைக்கு மாதாந்தக் கொடுப்பனவு, மின்சாரப் பட்டியல், பத்திரிகைக் காசு, ஓடு மாற்றுகிற கூலி ஆகியவற்றைப் படம் எடுக்க முடியாது. சங்கம் நடப்பதோ இவற்றால்தான். கட்டடத்துக்குக் கொடுக்க நூறு பேர் இருக்கிறார்கள், கட்டடத்தைத் திறந்து வைத்திருக்கக் கொடுக்க ஒருவரும் இல்லை. கட்டடம் பெரிதாகப் பெரிதாகப் பராமரிப்புச் செலவும் கூடுகிறது. அந்தச் செலவைத் தாங்க உறுப்பினர் இல்லாத சங்கம் தன் சொத்தாலேயே அமுங்கிப் போகிறது.

இங்கே ஒரு வரலாற்று வாதத்தை எடுத்துப் போடுவார்கள். யாழ்ப்பாணத்தின் நிறுவனங்கள் எப்போதுமே வெளிநாட்டுக் காசில்தான் எழுந்தன, மலாயாக் காசு இல்லாவிட்டால் பாதிக் கோயிலும் பள்ளிக்கூடமும் இல்லை என்பது அந்த வாதம். மலாயாவில் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் உழைத்தவர்களின் காசு இந்த மண்ணை மாற்றியது உண்மைதான். அந்தக் காசு எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலாயன் பென்சனியர் ஊருக்குத் திரும்பி வந்தார். பொதுக்கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தார், பங்குப் பணம் கட்டினார், நிர்வாக சபைக்குப் போட்டியிட்டார், தோற்றுப்போனால் அடுத்த வருடம் கணக்கில் பிழை பிடித்தார். அவருடைய பேரப்பிள்ளையே அந்தப் பள்ளியில் படித்தது. காசு கொடுத்தவரும் பயன் பெற்றவரும் கேள்வி கேட்டவரும் ஒருவராக இருந்த காலம் அது. இன்று கொடுப்பவர் ஸ்காபரோவில் இருக்கிறார். பயன்பெற வேண்டியவருக்குக் கேட்க உரிமையில்லை, கொடுத்தவருக்குப் பார்க்க வழியில்லை. மலாயாக் காலத்தைச் சாட்சிக்கு அழைப்பவர்களுக்கு அந்தச் சாட்சியே எதிராகத்தான் பேசும்.

மூளாயைப் பாருங்கள். 1930களின் நடுப்பகுதியில் அந்த ஊரில் கூட்டுறவு வைத்தியசாலை ஒன்று தொடங்கப்பட்டது. இலங்கையில் கூட்டுறவு என்றால் சிக்கனமும் கடனும் என்றிருந்த காலத்தில் அது ஒரு துணிச்சல். வைத்தியம் என்பது அரசாங்கமோ மிஷனோ தர வேண்டியது என்ற எண்ணத்தை மீறி, உறுப்பினர்களாகச் சேர்ந்து வைத்தியசாலையைத் தங்கள் உடைமையாக வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் ஊர் காட்டியது. இத்தனை அழிவுக்குப் பிறகும் மூளாய் வைத்தியசாலை இருக்கிறது. வடபகுதிக் கூட்டுறவு இயக்கத்தைக் கட்டியெழுப்பியவர்களில் தலையானவராக நினைக்கப்படும் வ. வீரசிங்கம் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். யாழ் நகரில் அவர் பெயரில் நிற்கும் மண்டபம் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தலைமுறை பிச்சைப் பாத்திரம் ஏந்தவில்லை. உறுப்பினர்களைச் சேர்த்தது, கணக்கைப் பழக்கியது.

யாழ்ப்பாணப் பொதுநூலகமும் அப்படித்தான் பிறந்தது. 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டிலேயே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கி, பொதுமக்களிடம் உதவி கேட்டார். 1934இல் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 புத்தகங்களோடு நூலகம் திறந்தது. முதலில் வாசகர் வந்தார்கள், பிறகு நகரசபை பொறுப்பெடுத்தது, பெருங்கட்டடம் அதற்கும் பல வருடம் பின்னர்தான் எழுந்தது. 1981இல் எரிக்கப்பட்டபோது அங்கே ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. இன்று நாங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கட்டடத்தில் தொடங்கி, வாசகரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சங்கத்தின் காசைப் பற்றி இன்னும் ஆழமாக யோசித்த ஒருவர் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார். 1927 நவம்பரில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பில் வந்த காந்தி, அப்போது தன் சுயசரிதையைத் தொடராக எழுதிக்கொண்டிருந்தார். 1894இல் தென்னாபிரிக்காவில் நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கியபோது சந்தா சேர்த்த கதை அதில் வருகிறது. டோங்காட் என்ற இடத்தில் ஒரு வசதியானவரின் வீட்டுக்கு இரவில் போகிறார்கள். அவர் ஆறு பவுண் தர வேண்டியவர், மூன்றுக்கு மேல் தரமாட்டேன் என்கிறார். மூன்றை வாங்கினால் மற்றவர்களும் குறைப்பார்கள். எல்லோருக்கும் பசி. சந்தா கிடைக்காமல் அவர் வீட்டில் சாப்பிடுவதில்லை என்று இரவு முழுக்க இருக்கிறார்கள். விடியும்போது அவர் ஆறு பவுணையும் கொடுத்து விருந்தும் வைக்கிறார். மூன்று பவுண் குறைந்தால் சங்கம் கவிழ்ந்துவிடாது. அந்த இரவில் காக்கப்பட்டது ஒழுங்கு.

நிரந்தர நிதி வைத்துக்கொண்டு பொது நிறுவனம் நடத்துவதை அவர் பின்னாளில் எதிர்த்ததும் அந்த நூலிலேயே இருக்கிறது. நிதி சேர்ந்துவிட்டால் நிர்வாகிகள் பொதுமக்களின் கருத்தைப் பொருட்படுத்தமாட்டார்கள் என்பதும், வருடாவருடம் வரும் சந்தாவே நிறுவனத்தின் நேர்மைக்கும் மக்கள் ஆதரவுக்கும் உரைகல் என்பதும் அவர் முடிவு. அந்த முடிவு முழுவதையும் நான் ஏற்கவில்லை. வைத்தியசாலைக்கும் நூலகத்துக்கும் சேமநிதி வேண்டும். நோயைப் பற்றிய அவர் கணிப்பில் மட்டும் ஒரு எழுத்தும் பிழையில்லை. எங்கள் ஊர்களில் வெளிநாட்டுக் கொடைதான் அந்த நிரந்தர நிதியின் இடத்தில் இருக்கிறது.

"எங்கட சனத்திட்ட எங்க காசு?" என்பது அடுத்த வாதம். இது ஊராரை அவமதிக்கும் வாதம். அதே சனம் மாதாமாதம் சீட்டுக் கட்டுகிறது, ஒரு நாள் பிந்தாமல் கட்டுகிறது. திருவிழா உபயத்துக்கு முறை வைத்துக் கொடுக்கிறது. ரியூசனுக்குப் பிள்ளை ஒன்றுக்கு எத்தனை பாடமோ அத்தனை பாடத்துக்கும் கொடுக்கிறது. கரையோரத்தில் மீன் ஏலம் போனதும் ஒரு சிறு வீதத்தைக் கடற்றொழிலாளர் சங்கத்துக்குக் கழித்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. அன்றாடம் கடலை நம்பி வாழ்பவர் கொடுப்பதை, மாதச் சம்பளம் எடுப்பவரால் கொடுக்க முடியாதா? 150 குடும்பமுள்ள ஊரில் வீட்டுக்கு மாதம் 100 ரூபா சேர்த்தால் வருடம் 180,000 ரூபா. இதைக்கொண்டு மாடி கட்ட முடியாது. பத்திரிகை போடலாம், விளக்கெரிக்கலாம், பின்னேரங்களில் நிலையத்தைத் திறந்து வைத்திருக்க ஒரு பிள்ளைக்கு ஏதும் கொடுக்கலாம். உண்மையிலேயே இயலாதவர்களுக்கு வழி இருக்கிறது. சிரமதானத்தில் ஒரு நாள் நின்றால் ஒரு மாதச் சந்தா என்று யாப்பில் எழுதலாம். சைவப் பள்ளிக்கூடங்களுக்காகப் பிடியரிசி சேர்த்த ஊர் இது. சோற்றுப் பானைக்குள் போக இருந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்த பெண்கள் வசதியானவர்களாக இருந்ததால் அதைச் செய்யவில்லை.

இளையவர்கள் இல்லை என்பதும் முழு உண்மையல்ல. பின்னேரம் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். கரப்பந்துக்கும் உதைபந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் பெடியள் தங்களுக்குள் காசு போட்டுப் பந்து வாங்குகிறார்கள், சேட் அடிக்கிறார்கள், சுற்றுப்போட்டி நடத்துகிறார்கள். கழகத்தில் முடிவெடுப்பவர்கள் அவர்கள்தான், அதனால் அங்கே நிற்கிறார்கள். சனசமூக நிலையத்தில் அவர்களுக்குக் கதிரை அடுக்கும் வேலைதான் கிடைக்கிறது. ஒரே ஆள் பதினைந்து வருடம் தலைவராக இருந்து, "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு அக்கறை இல்லை" என்று கவலைப்பட்டால் அந்தக் கவலைக்கு அவரே காரணம். மாதர் சங்கத்தில் சின்னக் கடன் கொடுத்து வாங்கிக் கணக்கு முடிக்கும் பெண்கள், ஊர் நிலையத்தின் நிர்வாகப் பட்டியலில் ஏன் ஒன்றிரண்டு பேராக நிற்கிறார்கள் என்ற கேள்விக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கூட்டம் கூடினால் சண்டைதான், ஒரு நல்ல மனிதர் தனியாக எடுத்து நடத்தினால் வேலை நடக்கும் என்பது கடைசி வாதம். மனம் நொந்தவர்கள் சொல்வதால் இதில் ஒரு வேதனை இருக்கிறது. கல்லோயாவில் நடந்ததை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். இந்த நாட்டின் மிகப் பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களில் ஒன்றான அங்கே, இடதுகரை விவசாயிகள் ஒற்றுமை இல்லாதவர்கள், தண்ணீருக்கு வெட்டுக்கொத்துக்கு நிற்பவர்கள் என்று அதிகாரிகளே எழுதிவைத்திருந்தார்கள். 1981இல் இளம் பட்டதாரிகள் வாய்க்கால் வாய்க்காலாகப் போய் விவசாயிகளோடு கதைத்துச் சிறு குழுக்களை உருவாக்கினார்கள். குளத்தில் தண்ணீர் குறைந்திருந்த காலம் அது. திருத்த வேலைக்குக் காத்திருக்காமல், விவசாயிகள் தாங்களே வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறை வைத்துத் தண்ணீர் விடத் தொடங்கினார்கள். மேலிருந்த சிங்கள விவசாயிகள் கீழிருந்த தமிழ் விவசாயிகளுக்குத் தண்ணீர் போக வழிவிட்ட இடங்களும் உண்டு. கூடிக் கதைக்க இடமும் கதைத்தால் பலன் வரும் என்ற நிச்சயமும் கிடைத்ததும், சண்டைக்காரர் என்று பெயர் வாங்கியவர்கள் உறுப்பினர்கள் ஆனார்கள். எங்கள் கூட்டங்களில் சண்டை வருவது, வருடத்துக்கு ஒருமுறைகூட ஒழுங்காகக் கூடாததால். ஒற்றை மனிதர் நடத்தும் சங்கமோ அவருக்கு நெஞ்சுவலி வரும் நாள்வரை நடக்கும், அல்லது அவருக்கு விசா வரும் நாள்வரை.

ஆகவே வெளிநாட்டு உறவுகளிடம் நான் கேட்பது இது. காசை நிறுத்த வேண்டாம், கொடுக்கும் முறையை மாற்றுங்கள். கடந்த ஒரு வருடத்துக்குள் பொதுக்கூட்டம் கூட்டிக் கணக்கு நிறைவேற்றாத சங்கத்துக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள். சந்தா கட்டிய உறுப்பினர் எத்தனை பேர், அவர்கள் சேர்த்தது எவ்வளவு என்று முதலில் கேளுங்கள், அந்தத் தொகைக்கு ஏற்ற அளவே கொடுங்கள். கட்டடம் வேண்டும் என்று கேட்டால், அதைத் திறந்து வைத்திருக்கும் மாதாந்தச் செலவை ஊர் எப்படிச் சுமக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். தனியாளின் கணக்குக்கு அனுப்பாதீர்கள். இரண்டு பேர் கையொப்பமிடும் சங்கக் கணக்குக்கே அனுப்புங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஊரோடு உங்களுக்கிருக்கும் பிணைப்பு இருக்காது. உங்கள் கையோடு கொடையும் நின்றுவிடக்கூடும் என்பது உங்களுக்கே தெரியும். அதற்குமுன் ஊர் தன் காலில் நிற்பதற்கு உங்கள் காசு உதவ வேண்டும்.

நிர்வாகிகளிடம் கேட்பது இதைவிடக் கடினமானது. உறுப்பினர் பட்டியலைப் புதிதாக எழுதுங்கள். பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று அச்சடித்து வீடு வீடாகப் போங்கள். வரவு செலவை மாதாமாதம் விளம்பரப் பலகையில் ஒட்டுங்கள், ஐம்பது ரூபாத் தேத்தண்ணிச் செலவையும் சேர்த்து. ஒரே பதவியில் மூன்று வருடத்துக்கு மேல் யாரும் இருப்பதில்லை என்று யாப்பைத் திருத்துங்கள். முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவரைப் பொருளாளராக்குங்கள், பழையவர் பக்கத்தில் இருந்து கணக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

இவற்றில் ஒன்றுக்கும் வெளிநாட்டுக் காசு தேவையில்லை. ஊர் கேள்வி கேட்கத் தொடங்கும் என்ற பயம்தான் தடையாக இருக்கிறது. சந்தா கட்டியவர் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்விகளுக்கு முகம் கொடுக்க மனமில்லாதவர்கள், காசில்லை என்று சொல்வதை விட்டுவிட்டு, பதவியை முகம் கொடுக்கக்கூடியவர்களிடம் ஒப்படைக்கட்டும்.